பரப்பு சரியாக வந்த வரைபடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். எந்தக் கட்டளைக்கு எந்தப் பொத்தான் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கற்றுக்கொண்ட மென்பொருளைப் பார்த்தால் நீங்கள் அதை மியூசியத்தில் வைத்துவிடுவீர்கள். அதனால் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. எனக்கு உருப்படியாகத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, சந்தேகப்படுவது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சந்தேகம் என்கூடவே பிறந்தது. பால்காரர் அளந்து ஊற்றும்போது பாத்திரத்தைப் பார்க்க மாட்டேன், அவர் கையைத்தான் பார்ப்பேன். அரக்கோணம் ஸ்டேஷனில் வண்டி முதல் பிளாட்பாரத்துக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னாலும் மேம்பாலத்திலேயே நின்றுகொண்டு, வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் படி இறங்குவேன். என் கணவரைக் கேட்டால் இன்னும் கதை கதையாகச் சொல்வார். வீட்டில் இந்தக் குணத்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. ஆனால் நம் தொழிலில் இது இல்லாதவர்களுக்கு நான் பென்சில்கூட இரவல் தர மாட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் ஓர் இன்ஜினியர், நான், ஒரு கம்ப்யூட்டர். எங்கள் இருவருக்கும் மின்விசிறி. கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி அறை, ஏ.சி., கதவில் திரைச்சீலை. உள்ளே போகும்போது செருப்பை வெளியே விட வேண்டும். ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரை அப்படியே இருக்கும். வீட்டுப் படம் போட வருகிறவர்கள் அந்தத் திரைச்சீலையை விலக்கி, கும்பிடு போடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். கையால் போட்ட படத்தில் ஆயிரம் குற்றம் கண்டுபிடித்தவர்கள், அதே படம் அந்த அறையிலிருந்து பிரிண்ட் ஆகி வந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

எங்கள் இன்ஜினியரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தொழில் தெரிந்ததே அவரால்தான். படம் வரைய டிராஃப்டிங் படித்த பெண்ணை டைப் அடிக்க மட்டும் கூப்பிட்ட காலத்தில், மவுஸை என் கையில் கொடுத்து உட்கார வைத்தவர் அவர். மனைப் படம் எதுவானாலும் அவருக்கு ஒரு விதி உண்டு. எல்லையை வரைந்து முடித்ததும் கம்ப்யூட்டரிடம் பரப்பளவைக் கேள், பத்திரத்தில் உள்ள பரப்போடு ஒத்துப் பார், ஒத்துப்போனால் படம் சரி. பல வருடம் அந்த விதி எங்களைக் காப்பாற்றியது. அதனாலேயே அவர் அதை அளவுக்கு மீறி நம்பினார்.

மலையடிவாரத்தில் முனிரத்தினம் என்று ஒருவர் கல்யாண மண்டபம் வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வயதில் பெரியவர் என்பதால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘நைனா’தான், தெலுங்கில் அப்பா. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டம் தங்குவதற்காக மண்டபத்துக்குப் பின்னாலிருந்த காலி இடத்தைச் சுற்றி இரும்பு பைப்பில் வேலி போட நினைத்தார். அந்த இடம் நேரான மனை இல்லை. மலைப்பாறையை ஒட்டி வளைந்து வளைந்து போய், கடைசியில் சாலையில் வந்து முட்டும். பத்திரத்தில் மொத்தப் பரப்பும் நான்கெல்லையும் இருந்தன, பக்கங்களின் நீளம் இல்லை. சார் போய் அளவெடுத்து வந்து, அவரே உட்கார்ந்து படம் போட்டார். நான் அன்று ஒரு கல்யாணத்துக்காக மணவூர் போயிருந்தேன். பரப்பு பத்திரத்தோடு அப்படியே ஒத்துப்போனது. கூடவே திரையில் வந்த நீளத்தைச் சுற்றளவு என்று படத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். நைனா அந்த நீளத்துக்கு, சேதாரத்துக்கும் கொஞ்சம் சேர்த்து, பைப் வாங்கி மண்டபத்து ஷெட்டில் இறக்கினார்.

வேலி வேலைக்கு அரக்கோணத்திலிருந்து சலீம் என்ற வெல்டர் வந்தார். நல்ல வேலைக்காரர், ஆனால் சிடுமூஞ்சி. யாரோடும் சிரித்துப் பேச மாட்டார், ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும். அப்படிப்பட்டவர்கள் மேல் பழி வந்தால் அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். நைனா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள் இருவர், அவர்களுக்கு நடுவில் சலீம்.

“சார், நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க போட்ட படம் கரெக்டா இல்லையா?”

“ஏன், இன்னா ஆச்சு?” என்றார் சார்.

“பைப் பத்தலன்றான். நீங்க சொன்ன அளவுக்கு மேலயே வாங்கிப் போட்டிருக்கேன். பாறைப் பக்கமெல்லாம் வேலி நிக்குது, ரோட்டுப் பக்கம் பூரா வெத்தாக் கிடக்குது. ஷெட்டு சாவி இவன் கையில. இவன் மச்சான் அரக்கோணத்துல பழைய இரும்புக் கடை வெச்சிகினு இருக்கான். இன்னும் நான் இன்னா சொல்லணும்?”

“பத்தாதுன்னு அன்னிக்கே சொன்னேன். கேட்டீங்களா?” என்றார் சலீம்.

“எடுத்தவன்தான் மொதல்ல வந்து பத்தாதுன்னு சொல்வான்.”

சலீம் எங்கள் பக்கம் திரும்பினார். “சார், ரயில்வே காண்டிராக்ட் வேலைக்குப் பேர் குடுத்திருக்கேன். போலீஸ் ஸ்டேஷன்ல என் பேரு ஏறிச்சின்னா அதோட போச்சு. அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தன் என்னைக் கூப்பிட மாட்டான்.”

சார் என்னிடம் படத்தைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் வடிவத்தைத் தொட்டுப் பரப்பைக் கேட்டார். பத்திர நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன.

“பரப்பு அப்படியே வருது. படத்துல தப்பு இல்ல” என்றார்.

“அது போதும் சார். ஸ்டேஷன்ல கேட்டா இதையே சொல்லிடுங்க.”

சலீம் திரைச்சீலை இடுக்கு வழியாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “அந்தப் பெட்டிகிட்ட நான் இன்னா பேசி ஜெயிக்கறது” என்றார். அது யாரிடமும் கேட்டது இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், என் முதல் சந்தேகம் சலீம் மேல்தான். சாவி கையில், மச்சானுக்கு இரும்புக் கடை, முகத்தில் சிடுசிடுப்பு. அடுத்த சந்தேகம் நைனா மேல். குறைவாக வாங்கிவிட்டு வெல்டர் தலையில் கட்டுகிறாரோ என்று நினைத்தேன். அதற்கு அடுத்து பைப் ஏற்றி வந்த லாரி. என் சந்தேகத்துக்கு ஆள் பேதம் கிடையாது. ஆனால் இவர்கள் மூவரையும் சுற்றி வந்த பிறகு ஒன்று உறுத்தியது. திருடுகிறவன் கைக்கு வந்ததை எடுப்பான். இங்கே பற்றாமல் போனது சரியாக ஒரு முழுப் பக்கம், சாலையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. எந்தத் திருடன் மூலைக்கு மூலை கணக்குப் பார்த்துத் திருடுவான்? அப்படி மூலை பார்த்து வேலை செய்கிறவர்கள் அந்த இடத்தில் நாங்கள் இருவர்தான்.

“நைனா, ஸ்டேஷனுக்குப் போறதுன்னா கையில ஒரு பிரிண்ட் இருந்தா நல்லதுங்க. எடுத்துத் தரேன். கொஞ்சம் நேரம் ஆகும். கீழ டீ குடிச்சிகினு இருங்க” என்றேன். கம்ப்யூட்டர் தாள் என்றதும் அவருக்குத் திருப்தி. எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாரே என்று அவர் மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அறைக்குள் நானும் சாரும் மட்டும். படம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி பல லேயர்கள்; சாலை ஒரு தனி லேயரில் இருந்தது, மனையின் எல்லை இன்னொரு லேயரில். நான் சாலை லேயரை அணைத்தேன். சாலைக் கோடு மறைந்தது. அதோடு மனையின் சாலைப் பக்கமும் மறைந்தது. அங்கே எல்லைக் கோடு என்று ஒன்று இருக்கவே இல்லை. அதுவரை நாங்கள் எல்லை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது சாலையின் ஓரத்தை.

நடந்தது இதுதான். சார் சாலையோரத்து ஒரு மூலையில் தொடங்கி, பாறையைச் சுற்றி ஒவ்வொரு புள்ளியாக வைத்து, சாலையோரத்து மறு மூலைக்கு வந்ததும் என்டர் தட்டியிருக்கிறார். வடிவத்தை மூடும் கட்டளையைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே அங்கே கிடந்த சாலைக் கோட்டைப் பார்த்து மூடிவிட்டதாகக் கண் நம்பிவிட்டது. இப்படித் திறந்து கிடக்கும் வடிவத்துக்குப் பரப்பைக் கேட்டால், மென்பொருள் தானாகவே இரண்டு முனைகளையும் சேர்த்ததாக நினைத்துக்கொண்டு சரியான பரப்பைச் சொல்லும். நீளத்தைக் கேட்டால் மட்டும், வரைந்த கோட்டின் நீளத்தைத்தான் சொல்லும், வரையாத பக்கத்தைச் சேர்க்காது. ஒரே கேள்விக்கு ஒரே வரியில் வருகிற இரண்டு பதில்கள், ஒன்று மூடிய வடிவத்துக்கு, மற்றது மூடாததற்கு. பரப்பு சரியாக வந்ததால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

சார் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் வெளிறியது எனக்குத் தெரிந்தது. பிறகு என் கையிலிருந்த மவுஸை வாங்கி, வடிவத்தை மூடினார். நீளத்தைக் கேட்டார். எண் எகிறியது. சேமித்தார்.

“இப்ப சரியாயிடுச்சு” என்றார்.

“படம் சரியாயிடுச்சு சார். கீழ நிக்கிறவரு?”

“நான் பார்த்துக்கறேன். ஏழை, இந்த ஒரு தடவை விட்டுடுன்னு சொன்னா முனிரத்தினம் கேட்பாரு. கேஸு இல்லாம முடிச்சிடலாம்.”

“அப்போ அவரு எடுத்தாருன்னு ஆயிடுமே சார்.”

“ஸ்டேஷனுக்குப் போகாம இருந்தா போதும்னுதானே அவனே கேட்டான்.” குரலைத் தாழ்த்தினார். “கஸ்தூரி, ஊரே நம்ம படத்தை நம்பிகினு இருக்குது. ஒரு தடவை தப்புன்னு சொல்லிட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் டேப்பைத் தூக்கிகினு வந்து நிப்பான்.”

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பயந்தது நியாயமான பயம். அந்த ஊரில் கம்ப்யூட்டர் வைத்த முதல் சில பேரில் அவர் ஒருவர், அந்தப் பெயரை வைத்துத்தான் எங்கள் இருவர் வீட்டு அடுப்பும் எரிந்தது. ஆனால் இத்தனை வருடம் திரை காட்டிய எண்களைச் சந்தேகப்பட்ட நான், முதல்முறையாக அவரைச் சந்தேகப்பட்டேன். எனக்கு அழுகையாக வந்தது. கோபமும் வந்தது. படத்தைத் திருத்த அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது, பழியைத் திருத்த மட்டும் மனம் வரவில்லை.

கீழே டீக்கடை வாசலில் சின்னக் கூட்டமே கூடியிருந்தது. சார் நைனாவின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார். பெரிய மனசு பண்ணணும், நல்ல நாள் வருது, முருகன் சன்னிதியில எதுக்கு ஒரு குடும்பத்து வயித்தெரிச்சல் என்றார். நைனா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

“சாரே சொல்றாரு. விட்டேன் போ. இனிமே என் கண்ணுல படாத.”

கூட்டத்தில் இருந்தவர்கள் நைனாவைப் பெருமையாகப் பார்த்தார்கள். சாரின் நல்ல மனதைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதும் காதில் விழுந்தது. எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது. சலீம் மட்டும் போகவில்லை.

“நான் எடுக்கல” என்றார்.

“அதான் விட்டாச்சே. போய்யா.”

“எடுக்காததுக்கு இன்னாத்த விடறீங்க?”

நைனாவின் ஆள் ஒருவன் சலீமின் கையைப் பிடித்துத் தள்ளினான். நான் அங்கேயே நின்றிருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தை வரைந்தது நான்தான் என்று சார் சொல்லிவிட்டால் ஊர் அதைத்தான் நம்பும் என்பதும் தெரியும். பொம்பளை போட்ட படம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இருந்தும் ஓர் அடி முன்னால் வந்தேன்.

“நைனா, அவரு எடுக்கலைங்க. எங்க படத்துல ரோட்டுப் பக்கம் கணக்குலயே வரல.”

நைனா என்னைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். “இந்தம்மா இன்னா சொல்லுது?”

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. நல்லதாக எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

“ஆங். விட்டுப்போச்சு” என்றார். “நான்தான் போட்டேன். கஸ்தூரி அன்னிக்கு ஊர்லயே இல்ல.”

அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

“பரப்பு கரெக்டா வந்துச்சே?” என்றார் நைனா. அவருக்கு நம்ப முடியவில்லை. பெட்டி தப்புச் சொல்லும் என்பதைவிட, ஒரு மனிதன் திருடுவான் என்பதை நம்புவது அவருக்கு எளிதாக இருந்தது.

“இடத்துக்கு மூணு பக்கம் மட்டும் வேலி போட்டாலும் உள்ள இருக்கிற மண்ணு அதே மண்ணுதாங்க. பரப்பு குறையாது. வேலிதான் குறையும்” என்றேன். அப்படியும் அவர் சமாதானம் ஆகவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நானும் ஆகியிருக்க மாட்டேன். மாடியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு எல்லோரும் மண்டபத்துக்கு நடந்தோம். நிற்கிற வேலியை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பாறை பாறையாகத் தாண்டி அளந்தோம். படத்தின் ஓரத்தில் சார் எழுதிக் கொடுத்த நீளமும் அதுவும் ஒன்றாக இருந்தன. சேதாரத்துக்கு வாங்கியது சேதாரத்துக்குப் போயிருந்தது. ஷெட்டில் எதுவும் காணாமல் போயிருக்கவில்லை.

நைனா டேப்பைக் கீழே போட்டார். சலீமைப் பார்க்காமல் இருமிக்கொண்டே பைப் கடைக்கு ஆள் அனுப்பினார். சலீம் சாரின் எதிரில் போய் நின்றார்.

“தெரிஞ்சிகினேவா சார் என்னை மன்னிக்கச் சொன்னீங்க?”

சார் குனிந்து டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். நான் மறு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். சலீம் வெல்டிங்குக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். காவடிகள் வருவதற்குள் சாலைப் பக்கத்து வேலியும் நின்றது. என் வேலை போகவில்லை. பல வாரம் சார் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை, அப்புறம் மெல்லப் பேசினார். அவர் பயந்த மாதிரியே சில பேர் டேப்போடு வந்து நின்றார்கள். நின்றுவிட்டுப் போகட்டும் என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் சுற்றளவு எழுதுவதற்கு முன்னால் மற்ற எல்லா லேயரையும் அணைத்து, எல்லைக் கோட்டை மட்டும் தனியாக நிற்க வைத்துப் பார்க்காமல் எந்தத் தாளும் வெளியே போனதில்லை.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பரப்பும் சுற்றளவும் தனித்தனிச் சாட்சிகள், ஒன்று சொன்னதை வைத்து மற்றதை நம்பாதீர்கள். அது சின்ன விஷயம், இந்தக் காலத்து மென்பொருள் வேறு மாதிரி ஏமாற்றும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நீங்கள் கொடுத்த எண்ணால் ஒருவர் தலைகுனிந்து நிற்கும்போது, அவருக்கு இரக்கம் காட்டலாம் என்று உங்களுக்கே தோன்றினால், முதலில் அந்த இரக்கத்தைச் சந்தேகப்படுங்கள். உங்கள் தவறை மூடி மறைக்க அதைவிட வசதியான துணி கிடைக்காது.

சில வருடம் கழித்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு, நாங்கள் திருத்தணியிலேயே வீடு கட்டினோம். கேட் போடச் சலீமைக் கூப்பிட்டேன். அதற்குள் அவருக்கு அரக்கோணத்தில் சொந்தமாகப் பட்டறை வந்திருந்தது, ஆளும் வைத்திருந்தார். இருந்தும் என் வீட்டு வேலைக்கு அவரே வந்தார். சிடுமூஞ்சி அப்படியே இருந்தது. கேட் கச்சிதமாக அமைந்தது.

வேலை முடிந்ததும் ஒரு கோணியை விரித்து, வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒவ்வொன்றாக அதில் அடுக்கினார். விரல் நீளத் துண்டைக்கூட விடவில்லை. வெட்டின துண்டு வெல்டருக்கு என்பது இந்தப் பக்கத்து வழக்கம், யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் காட்டவும் மாட்டார்கள்.

“பார்த்துக்குங்கம்மா” என்றார்.

“இது உங்களுதுதானே பாய். எடுத்துகினு போங்க.”

“அது மத்தவங்களுக்கு. அன்னிக்கு அளந்து பார்த்துச் சொன்னது நீங்கதான். நீங்க பார்த்துடுங்க, நான் கிளம்பறேன்.”

“உங்களை நான் எதுக்குப் பார்க்கணும்?”

அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் கோணிக்கு முன்னால் உட்கார்ந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். கடைசித் துண்டைக் கீழே வைக்கும் வரை அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை.